பிணத்தில் தொடங்குங்கள்: பழைய கொலைப் படத்துக்குப் புதிய நடிகர் பட்டியல் போடுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விளையாட்டு நடக்கும். பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை இன்றைக்குத் திரும்ப எடுத்தால் யார் யார் நடிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுவோம். சம்பளம் பேச வேண்டியதில்லை, கால்ஷீட் தொல்லை இல்லை, மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. சண்டை மட்டும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாள் ஒரே தப்பைச் செய்கிறார்கள். தங்களுக்குப் பிடித்த நடிகரைத் தூக்கி முதல் இடத்தில் வைத்துவிட்டு, மிச்ச வேடங்களைப் பந்தியில் இலை போடுவது மாதிரி வரிசையாக நிரப்பிவிடுகிறார்கள். காதல் படத்துக்கு அது போதும். கொலைப் படத்துக்குப் போதாது. கொலைப் படத்தில் நடிகர் பட்டியலே ஒரு தடயம்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் (2020இல் மூடிவிட்டார்கள், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பும்) எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். மர்மப் படமாக இருந்தால் இடைவேளைக்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: "டேய், இவன் எவ்ளோ பெரிய ஆக்டர்! ரெண்டு சீனுக்கா கூட்டினு வந்திருப்பான்? இவன்தான்டா கொலகாரன்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த மனிதர் கதையை வைத்துத் துப்பறியவில்லை. நடிகரின் சம்பளத்தை வைத்துத் துப்பறிந்தார். அவரை ஏமாற்றுகிற மாதிரி பட்டியல் போடுவதுதான் இந்த விளையாட்டு.

பழகுவதற்கு நான் எல்லாருக்கும் கொடுக்கும் படம் 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், 1954 ஏப்ரல் 13 வெளியீடு. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. ஜப்பான்காரன் மெட்ராஸில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறார். சந்தேகம் ஐந்து பேர் மேல்: பக்கத்து வீட்டுச் சின்னையா, மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு பழக்கம் வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜம். சி.ஐ.டி. சிவானந்தம் வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்.

கைக்கு அடக்கமான படம். எட்டு வேடத்துக்குள் வேலை முடிந்துவிடும். இருபது பேர் வருகிற படத்தை முதல் தடவையே எடுத்துக்கொண்டால் நடு ராத்திரி வரை மாடியை விட்டு இறங்க முடியாது.

முதல் வேலை: இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள். யார் கொலைகாரர் என்று தெரிந்த பிறகு, ஒரு நாளாவது இடைவெளி விட்டு இரண்டாவது தடவை பாருங்கள். இந்த முறை கையில் பேப்பரும் பேனாவும் இருக்கட்டும். கதைச்சுருக்கம் படித்துவிட்டுப் பட்டியல் போடுகிறவர்களை நாங்கள் மாடி ஏற விடுவதில்லை. சுருக்கத்தில் 'தம்பி' என்று ஒரு வார்த்தைதான் இருக்கும். அந்தத் தம்பி அண்ணனிடம் சொத்துப் பங்கு கேட்கும்போது குரல் எங்கே உடைகிறது, கண் எங்கே போகிறது என்பது படத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஆள் தேடுவது அந்தக் குரல் உடைவதற்கு.

ஒரு கட்டுப்பாடு. மாடியில் படம் பார்க்காத ஆள் ஒருவராவது எப்போதும் இருப்பார், அதனால் கொலைகாரர் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'அந்த ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான். 70 வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள். பார்க்காதவனுக்கு அது இன்றைக்கு ரிலீஸான படம்.

சீட்டு வெட்டுவது

நான் ஆண்டர்சன் தெருப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலையில் இருக்கிறேன். அட்டை வெட்டி மிச்சமாகும் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒரு பக்கம் ஜிகினா, ஒரு பக்கம் வெள்ளை. வேடத்துக்கு ஒரு துண்டு. உங்களிடம் அட்டை இல்லாவிட்டால் பழைய காலண்டர் தாள் போதும்.

சீட்டில் நடிகர் பெயரை உடனே எழுதிவிடாதீர்கள். வேடத்தின் பெயர், அதற்குக் கீழே அந்த வேடம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி. 'நல்லவர்', 'கோபக்காரி' என்றெல்லாம் எழுதினால் உதவாது. என் சின்னையா சீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: 'பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் எல்லாம் தெரியும், தன் வீட்டுச் சமாச்சாரம் வெளியே போகாது.' ஹேமா சீட்டில்: 'இந்த வீட்டில் யாருமே சொல்லத் துணியாததை இவள் உரக்கச் சொல்லுவாள்.' இப்படி ஒரு வரி எழுதிவிட்டால், நடிகர் பெயர் தானாக நாக்கில் வந்து நிற்கும். வராவிட்டால் அந்த வேடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பாருங்கள்.

அடைப்புக்குறிக்குள் வயதும் எழுதுங்கள். கதையில் வருகிற வயது, நீங்கள் ஆசைப்படுகிற நடிகரின் வயதல்ல.

பிணத்தில் தொடங்குங்கள்

எல்லாரும் துப்பறிகிறவரிடமிருந்து தொடங்குவார்கள், இல்லாவிட்டால் கொலைகாரரிடமிருந்து. நான் சொல்வது, செத்தவரிடமிருந்து தொடங்குங்கள். கொலைப் படத்தில் கதாநாயகன் வேடம் பிணம்தான்.

'அந்த நாள்' இதை நேரடியாகவே செய்து காட்டிய படம். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, ஊரெல்லாம் அவர் பேச்சு. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, படம் ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே சாகடித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவன் திடுக்கிட்டுப் போயிருப்பான். 'இவரையே கொன்றுவிட்டார்கள் என்றால் இனி இந்தப் படத்தில் எதையும் நம்ப முடியாது' என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பராசக்தியில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய்தான் இதில் மனைவி உஷா. பார்த்துப் பழகிய ஜோடி. அந்தப் பழக்கத்தைப் படம் கையாண்ட விதம் தனிக் கெட்டிக்காரத்தனம், அதைப் பிறகு சொல்கிறேன்.

புதியவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று இதையும் சொல்லிவிடுகிறேன்: ராஜன் வேடத்துக்கு முதலில் சிவாஜி கிடையாது. வேறு நடிகரை வைத்துப் படம்பிடித்துப் பார்த்து, திருப்தி இல்லாமல்தான் கடைசியில் அவரிடம் வந்தார்கள். அசல் படத்துக்கே முதல் பட்டியல் நிற்கவில்லை. உங்கள் சீட்டைக் கிழிப்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம் எங்கள் மாடியில் எல்லாரையும் வாயடைக்க வைத்தது. சிவாஜி பிறந்தது 1928 அக்டோபரில். படம் வந்தபோது அவருக்கு 25 வயது. இயக்குநர் பாலசந்தருக்கு 27. சின்னப் பசங்க சேர்ந்து எடுத்த படம் அது! கறுப்பு வெள்ளையில் கோட்டும் கிராப்புமாகப் பார்க்கிறபோது நமக்கு நாற்பது வயது ஆள் மாதிரித் தோன்றுகிறது. அதனால் எல்லாரும் ராஜனுக்கு ஐம்பதைத் தொட்ட நடிகர்களாகவே எழுதுகிறார்கள். வேண்டாம். ராஜன் இளைஞன். படித்த, துடிப்பான, தன் மூளை மேல் அபார நம்பிக்கை உள்ள இளைஞன்.

அப்புறம் ராஜனுக்குள்ள முக்கியமான கஷ்டம்: ஒரே ஆள் இல்லை அவர். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறு வேறு ராஜன் வருகிறார். தம்பி கண்ணுக்கு ஒருவர், மனைவி கண்ணுக்கு ஒருவர், பழக்கம் வைத்திருந்தவள் கண்ணுக்கு ஒருவர். ஒரே சட்டை, ஒரே மீசை, ஆனால் ஆள் வேறு. மெட்ராஸில் ஒரு வார்த்தை உண்டு: எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தில் எண்ணெய் டாங்கியைச் சுட்டுவிட்டுப் போனதிலிருந்து, பார்க்க ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் பெரிய வேலை வைத்திருப்பவனை எங்கள் பக்கம் 'அவன் பெரிய எம்டன்' என்பார்கள். ராஜன் சீட்டில் நான் எழுதிய ஒரே வரி அதுதான்: எம்டன்.

என் தேர்வு மணிகண்டன். 'ஜெய் பீம்' (2021) படத்தில் ராஜாக்கண்ணுவாக வந்தவர், 'குட் நைட்' (2023) படத்தில் குறட்டை விட்டு அவதிப்பட்டவர். இரண்டிலும் நாம் அவர் பக்கம்தான் நின்றோம். இதுவரை நம்மைப் பெரிதாகப் பயமுறுத்தாத முகம், அதனால்தான் எம்டனுக்குப் பொருத்தம். மிமிக்ரியும் டப்பிங்கும் செய்து வந்தவர், வசனம் எழுதத் தெரிந்தவர். ஐந்து பேர் சொல்லும் ஐந்து ராஜனுக்குக் குரலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை, சீட்டில் பெயரை முழுசாக எழுதுங்கள், அவர் நடித்த படத்தோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் கொரியர் வேலை பார்க்கும் தம்பி 'காக்கா முட்டை' இயக்குநர் மணிகண்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், நான் நடிகரைப் பற்றி. "அவரு நடிப்பாராண்ணா?" என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

விஜய் சேதுபதிதான் ராஜன் என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். அவர் செத்தால் தியேட்டரே அதிரும், உண்மைதான். ஆனால் கெட்டவராகவும் அவரை நிறையப் பார்த்துவிட்டோம். முதல் வாக்குமூலத்திலேயே 'சரி, இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மிச்சம் நான்கு ராஜன்களுக்கு வேலை இருக்காது.

இடத்தை முடிவு பண்ணுங்கள்

நடிகர் பட்டியலுக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நிறைய. இடம் மாறினால் பேச்சு மாறும், பேச்சு மாறினால் ஆள் மாற வேண்டும்.

என் பதிப்பில் ராஜன் வீட்டை ராயபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். குண்டு விழுந்தது துறைமுகப் பக்கம். துறைமுகத்துக்கு ஒட்டின ஊர் நாங்கள்தான். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது, அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன, கேமரா வைக்கச் செட் கூடப் போட வேண்டாம். யுத்த காலத்துப் பயம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டு பட்டியல் போடுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் வருகின்றன என்று ஊரே காலியானது. அரசாங்க அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலையில், கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படி ஒரு வருஷத்தைக் கடந்து, போனவர்கள் திரும்பிவந்து, விளக்கை மறைத்துக்கொண்டு வாழ்கிற தெருவில் ஒரு துப்பாக்கிச் சத்தம். அந்தத் தெருவில் நிற்கிற முகங்கள் வேண்டும் உங்களுக்கு. ஜிம்மிலிருந்து நேராக வந்த தோள்கள் இல்லாத முகங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை வடசென்னைக்கு நகர்த்துகிறேன் என்று சொன்ன உடனே, வருகிறவர்கள் எல்லாரும் சீட்டில் லுங்கியும் கத்தியும் வைத்த ஆட்களாக எழுத ஆரம்பிக்கிறார்கள். ரேடியோ இன்ஜினியர் ராயபுரத்தில் எப்படி என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார். எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் வால்வ் செட்டின் பின்பக்கத்தைத் திறந்து, ஈயக்கம்பியைப் பற்றவைக்கிற இரும்பின் நுனியில் தொட்டால், ஒரு இழை புகை நேராக மேலே எழும். அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், புகை கலையக்கூடாது என்கிற மாதிரி. அந்தக் கையை எனக்கு ராஜனிடம் பார்க்க வேண்டும். ராயபுரத்தில் துறைமுக குமாஸ்தாக்கள் இருந்தார்கள், வாத்தியார்கள் இருந்தார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள், பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில் 1910இலிருந்து இங்கேதான் இருக்கிறது, தெலுங்கு பேசுகிறவர்கள் தெருத்தெருவாக இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே 'இன்னாமே'வில் அடைத்துவிட முடியாது.

அதனால் என் கட்டளை இது. புதியவர்கள் வடசென்னைக் கதைக்குப் பட்டியல் போடும்போது, இந்த ஊர் அடிதடிப் படத்தில் அடியாளாகப் பார்த்த முகத்தைப் படித்தவர் வேடத்துக்கு எழுதிப் பாருங்கள். சில சமயம் அற்புதமாக உட்காரும்.

ஐந்து பேரையும் தராசில் வையுங்கள்

சந்தேகப்படுகிறவர்கள் ஐந்து பேர். ஐந்து சீட்டையும் தரையில் ஒரே வரிசையில் வையுங்கள். இப்போது கேட்க வேண்டிய கேள்வி, 'யார் பொருத்தம்?' என்பது கிடையாது. 'ஐந்து பேரும் ஒரே எடையா?' என்பதுதான். ஒருவர் மட்டும் பெரிய நட்சத்திரம், மற்ற நான்கு பேர் பெயர் தெரியாதவர்கள் என்றால் படம் முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நான்கு பேர் பெரியவர்கள், ஒருவர் மட்டும் புதுமுகம் என்றாலும் அதே கதைதான். அகஸ்தியாவின் பின் வரிசைக்காரர் அந்தப் புதுமுகத்தையும் விடமாட்டார்: "இது யார்ரா புதுசா? சும்மாவா உட்டிருப்பான்?"

நேரத்திலும் எடை உண்டு. ஒரு நடிகருக்குப் படத்தில் என்ன வேலை இருக்கிறதோ அதற்கேற்ற ஆளைப் போடுங்கள். கொஞ்ச நேரம் வருகிற வேடத்தில் கனமான ஆளைப் போட்டால், மிச்ச நேரம் முழுக்க ஜனங்கள் அந்த ஆள் எப்போது திரும்ப வருவார் என்றே காத்திருப்பார்கள்.

சின்னையாவுக்கு எம்.எஸ். பாஸ்கர். இதில் எங்கள் மாடியில் தகராறே வந்ததில்லை. 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், பக்கத்து வீட்டுக்காரராக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அந்த ஒரு படத்திலேயே காட்டிவிட்டார். சிரிக்கவைப்பார், அடுத்த நொடி பயமாக இருக்கும்.

பட்டாபிக்குக் கலையரசன். இங்கே நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் பட்டியலில் சி.ஐ.டி.க்குப் பசுபதி, பட்டாபிக்குக் கலையரசன் என்று எழுதிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மாடியில் ஒரு பையன் சொன்னான்: "அண்ணே, ரங்கன் வாத்தியார் தன் பையனையே விசாரிக்கிறாரு." சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. 'சார்பட்டா பரம்பரை' (2021) எங்கள் ஊர்க் கதை. அதில் அப்பா பிள்ளையாக வந்தவர்களை இங்கே போலீஸும் சந்தேகக் கைதியுமாக யார் பார்ப்பார்கள்? அந்தச் சீட்டை அப்போதே கிழித்தேன். அதிலிருந்து ஒரு படி சேர்த்துக்கொண்டோம்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு இரண்டு பேரையும் ஜோடி சேர்த்து, முன்னால் எந்தப் படத்தில் ஒன்றாக வந்தார்கள் என்று பாருங்கள். பழைய உறவு புதிய கதைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

சில சமயம் அது உதவியும் செய்யும். ஹேமாவுக்கு நான் ரித்விகாவை எழுதினேன். 'மெட்ராஸ்' (2014) படத்தில் கலையரசன் அன்பு, ரித்விகா அவர் மனைவி மேரி. அந்த ஜோடியை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. பட்டாபியும் ஹேமாவும் திரையில் வந்து நின்ற உடனே கணவன் மனைவி என்று நம்பிவிடுவார்கள், அதற்கென்று தனிக் காட்சி வேண்டாம். அந்த நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டு, கணவன் மனைவியைக் கைகாட்டினால் எவ்வளவு வலிக்கும்! சிவாஜி, பண்டரிபாய் விஷயத்தில் 'அந்த நாள்' செய்ததும் இதைத்தான். பார்த்துப் பழகிய ஜோடியை எடுத்துக்கொண்டு, ஜனங்களின் பழைய அன்பையே முதலாக வைத்துக்கொண்டது.

உஷாவுக்கு ஐஸ்வர்யா ராஜேஷ். 'காக்கா முட்டை' (2015) படத்தில் சின்ன வயதிலேயே இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக நடித்துவிட்டு, அதில் ஒரு அலுப்பு, ஒரு பிடிவாதம் காட்டினாரே, அது வேண்டும். உஷா பேசாமல் இருக்கும் நேரம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது.

அம்புஜத்துக்குத் துஷாரா விஜயன். நாட்டியக்காரி வேடம் ஆயிற்றே, நன்றாக ஆடுகிறவர் வேண்டாமா என்று கேட்பார்கள். படத்தில் நடனமே கிடையாது. ஆடத் தெரிந்தவர் என்று தேடினால் வேறு படத்துக்குத் தேடுகிறீர்கள். (கலையரசனும் துஷாராவும் சார்பட்டாவில் இருந்தார்களே என்று நீங்கள் கேட்டால், நீங்கள் தேறிவிட்டீர்கள். அவர்களுக்குள் அங்கே பெரிய உறவு இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.)

சி.ஐ.டி. சிவானந்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அசலில் அந்த வேடத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன், படத்தின் திரைக்கதை வசனமும் அவரே. வசனம் எழுதியவரே கேள்வியும் கேட்கிறார், கெட்டிக்காரத்தனம். இன்றைக்குக் குரு சோமசுந்தரம். 'ஜோக்கர்' (2016) போதும் சான்றுக்கு. கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் வளர்ந்தவர், நாற்காலியில் சும்மா உட்கார்ந்து கேட்பதையும் நடிப்பாக்குவார். துப்பறிகிறவருக்குப் பெரிய ஹீரோவைப் போடாதீர்கள். போட்டால் கடைசியில் சண்டைக் காட்சி கேட்பார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் தாண்டிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் பேசும் காட்சி ஒன்றைப் போனில் ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் கதை முழுக்க ஆட்கள் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லும் கதை. முகத்தைவிடக் குரல்தான் அதிக நேரம் நம்மோடு இருக்கும். இரண்டு பேர் குரல் ஒரே மாதிரி இருந்தால் ஒருவரை மாற்றுங்கள். அந்த நடிகர் சொந்தக் குரலில் பேசுகிறவரா, டப்பிங் குரலா என்பதும் இங்கேதான் தெரியவரும். டப்பிங் குரலுக்காக ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், நீங்கள் உண்மையில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

கடைசிப் பரீட்சை: பெரியம்மா

எங்கள் கீழ் வீட்டில் பெரியம்மா இருக்கிறார். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் 'இன்னா' தான். ஆனால் வட்டிக் கணக்கைப் பேப்பர் இல்லாமல் போடுவார். சினிமா பார்ப்பார், ஆனால் 'அந்த நாள்' பார்த்ததில்லை. நாங்கள் பார்க்க விடவும் இல்லை, அவரைக் கெடுக்கக் கூடாது என்று.

பட்டியல் முடிந்ததும் சீட்டுகளை அவரிடம் கொண்டுபோவோம். கதை சொல்ல மாட்டோம். யார் செத்தார், யார் யார் மேல் சந்தேகம், யார் எந்த வேடம், அவ்வளவுதான். கேள்வி ஒன்று: "பெரியம்மா, யாரு கொல பண்ணியிருப்பா?"

அவர் சரியான ஆளைக் காட்டிவிட்டால் பட்டியல் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதையே தெரியாமல் வெறும் நடிகர் பெயர்களை வைத்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், தியேட்டரில் இருநூறு பேர் கண்டுபிடிப்பார்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடிக் கண்டுபிடியுங்கள். தொடர்ந்து சினிமா பார்க்கிறவராக இருக்க வேண்டும், இந்தப் படம் மட்டும் பார்த்திருக்கக் கூடாது. அவரிடம் ஒரு பட்டியலை ஒரு தடவைதான் காட்டலாம், மறுபடி போனால் பழைய பதிலை வைத்து யோசிப்பார். அதனால் அவசரப்பட்டு அரைகுறைப் பட்டியலோடு போகாதீர்கள்.

என்னுடைய முதல் பட்டியலை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஐந்து வினாடி கூட ஆகவில்லை. ஒரு சீட்டின் மேல் விரலை வைத்தார். "இவ்ளோ நல்லா நடிக்கிற ஆள இன்னாத்துக்குடா ஓரமா ஒக்கார வெச்சிருக்க? ஏதோ வேல இருக்கு, அதான்." சரியான விடை. எந்தச் சீட்டு என்று சொல்லமாட்டேன். எடை தவறியது என் தப்பு. அன்றைக்கு ராத்திரி தராசுப் படியை முதலிலிருந்து செய்தேன்.

இப்போது மேலே சொன்ன பட்டியல் நான்காவது. போன ஞாயிற்றுக்கிழமை செகண்ட் லைன் பீச் தெருவிலிருந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பொட்டலமும், மேலே நொறுக்கிப் போட்டுக்கொள்ள பேஜோவும் வாங்கிக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். சீட்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். பெரியம்மா இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு சீட்டை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துத் திருப்பி ஜிகினாப் பக்கத்தைப் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. கடைசியில் ஒன்றைத் தனியாக நகர்த்தி என் பக்கம் தள்ளினார்.

"இவங்கதானே?"

நான் சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டேன்.

"இன்னாடா, ஆமாவா இல்லியா?"

"அத்தோ ஆறுது பெரியம்மா" என்றேன்.